எச்சத்தின் வெள்ளைத் தொப்பி

காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்து வீடுகளில் விடிந்ததும் நடக்கும் வேலைகளில் ஒன்று பஞ்சாரத்தைத் தூக்குவது. கோழிகள் இறக்கையை அடித்துக்கொண்டு வெளியே ஓடும். பஞ்சாரம் இருந்த இடத்தில் வட்டமாக, இரவு முழுவதும் விழுந்த எச்சம் கிடக்கும். அதைக் கூட்டித் தள்ளுமுன் சற்றுக் குனிந்து பாருங்கள். பழுப்பு நிற எச்சத்தின் மேல் சுண்ணாம்பு தடவியதுபோல் ஒரு வெள்ளைத் தொப்பி தெரிகிறதல்லவா? அது சுண்ணாம்பு அன்று, கோழியின் சிறுநீர்!

உடலில் புரதம் சிதையும்போது நைட்ரஜன் கழிவு உண்டாகிறது. நாம் அதை யூரியாவாக்கி நீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். இதற்கு நிறைய நீர் செலவாகும். பறவைகளோ அதை நீரில் எளிதில் கரையாத யூரிக் அமிலமாக்கிக் குழம்புபோல் கழித்துவிடுகின்றன. ஓட்டுக்குள் அடைபட்டு 21 நாட்கள் வளரும் குஞ்சுக்கும் இதுவே துணை. கழிவு கரையாமல் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடப்பதால் குஞ்சுக்குக் கேடில்லை.

யூரிக் அமிலத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. தொழு உரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ 0.5 விழுக்காடு, உலர்ந்த கோழி எருவிலோ ஏறத்தாழ 3 விழுக்காடு. செட்டிநாட்டுச் செம்மண்ணில் தழைச்சத்தும் மக்கும் குறைவு. அந்தச் சிவப்பு நிறத்தைத் தரும் இரும்பு ஆக்சைடு, மணிச்சத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்கு விடாது. கோழி எருவில் மணிச்சத்தும் நிறைய உண்டு. பின்கட்டுக்கு அப்பால் கத்தரியும் வெண்டையும் போட நினைப்பவருக்கு நாலைந்து நாட்டுக்கோழி ஒரு சிறு உரச்சாலைதான்.

கோழி கிடக்கட்டும், கடற்பறவைகளின் எச்சத்துக்காகப் போரே நடந்திருக்கிறது! பெரு நாட்டை அடுத்த சின்ச்சா தீவுகளில் மழையே இல்லாததால் எச்சம் மலைபோல் குவிந்து கிடந்தது. 1804-இல் ஹம்போல்ட் அதன் மாதிரியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். பிறகு அது பெரிய வாணிகமாயிற்று. 1864-இல் ஸ்பெயின் அத்தீவுகளைக் கைப்பற்ற, போர் மூண்டது. அங்கே நைட்ரஜன் தங்கியதற்குக் காரணம் வறட்சி என்பதை மறந்துவிடாதீர்கள். நம் வீட்டிலும் எச்சத்தை மழையில் நனைய விடக்கூடாது.

சரி, அள்ளிய எச்சத்தை அப்படியே கத்தரிச் செடியின் தூரில் போடலாமா? கூடாது. ஈரம் பட்டதும் பாக்டீரியாக்கள் யூரிக் அமிலத்தை அம்மோனியாவாக மாற்றும். செறிவு மிகுந்தால் வேர் கருகும், இலை காயும். தவிர, சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகளும் புதிய எச்சத்தில் இருக்கக்கூடும். கீரைப் பாத்தியில் இது மிகவும் ஆபத்து.

நாற்றம் போகட்டும் என்று பலர் எச்சத்தின் மேல் அடுப்புச் சாம்பலைக் கொட்டுகிறார்கள். இது சரிதானா? நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு நாள் பழைய ஈர எச்சத்தை இரண்டு புட்டிகளில் சம அளவு இடுங்கள். ஒன்றில் இரண்டு கரண்டி விறகுச் சாம்பலைக் கலக்குங்கள். மற்றதில் நொறுக்கிய சருகை நிறையப் போடுங்கள். மஞ்சள் நீரில் தோய்த்த ஈரத்தாளை எச்சத்தில் படாமல் தொங்கவிட்டு மூடுங்கள். சாம்பல் போட்ட புட்டியில் தாள் முதலில் சிவக்கும். சாம்பல் காரத்தன்மை உடையது. அது அம்மோனியாவை வாயுவாக விரட்டிவிடுகிறது. பறப்பது உங்கள் தழைச்சத்து! சாம்பலை வேறொரு நாள் மண்ணில் தனியாகத் தூவுங்கள். (சோதனை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.)

எச்சத்துக்கு வேண்டிய துணை சருகு, வைக்கோல், கடலைத்தோல் போன்ற கரிமப் பொருள்கள். அவற்றைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நைட்ரஜனைத் தங்கள் உடலிலேயே சேர்த்துக்கொள்ளும். ஒரு கூடை எச்சத்துக்கு மூன்று கூடை சருகு என்று நிழலில் குவித்து, பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரம் காட்டி, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். குவியல் ஒரு மீட்டர் உயரமிருந்தால் உள்ளே கை வைக்க முடியாதபடி சூடேறிக் கிருமிகள் மடியும். சிறிய குவியல் அவ்வளவு சூடேறாது. எனவே மூன்று, நான்கு மாதம் பொறுத்திருப்பது நல்லது.

வெள்ளைத் தொப்பியைப் பார்த்து வெள்ளைக்கழிச்சல் என்று பயப்பட வேண்டாம். அந்த நோய் வந்த கோழி நீராகக் கழியும், சோர்ந்து தூங்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு; கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

நாற்றுப் பாத்தியைக் கோழி சீய்த்துவிடும் என்ற குறை நியாயமானதே. செடி முழங்கால் உயரம் வரும்வரை படல் கட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் குஞ்சுகளுக்குத் தீனி கொடுக்கச் செம்மண்ணே உதவும். பழைய பானையில் காய்ந்த சாணம், வைக்கோல், கிழிந்த சாக்கு ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கறையான்! குஞ்சுகளுக்கு அருமையான புரத உணவு. மிஞ்சிய வைக்கோலும் சாணமும் எருக்குவியலுக்குப் போகும். ஆனியில் குவியலைத் தொடங்கினால், புரட்டாசிக் கடைசியில் மழை பிடிக்குமுன் எரு பாத்திக்குத் தயாராகிவிடும்.