திருத்த வேண்டியது எது, வீச வேண்டியது எது?
இடம்பெயர்ந்த வீடுகளின் மின்சாரச் சாமான்கள் பற்றி ஒரு சிந்தனை

புதிய இடத்துக்கு வரும் குடும்பம் ஒன்று லொறியிலிருந்து இறக்கும் சாமான்களைப் பார்த்தாலே அதன் கதை தெரிந்துவிடும். மண்வெட்டி, விதை மூட்டை, பாத்திரங்கள், பிள்ளைகளின் புத்தகங்கள். இவற்றோடு ஓர் உரப்பையும் இருக்கும். அதற்குள் சுருட்டி வைத்த பழைய வயர், வெடித்த பிளக் இரண்டு, சூடேறாத அயன், சுற்றாத மின்விசிறி. கலேவெலப் பகுதியில் வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது இந்த உரப்பையை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். "இதையெல்லாம் ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "தூக்கி வீச மனசு வரல்ல பாதர்" என்பதே பதில்.

காணியையே விட்டு வந்தவர்களுக்கு ஒரு துண்டு வயரை வீசுவதும் கடினந்தான். அந்த மனதை நாம் குறைகூற மாட்டோம். பொருளை வீணாக்காத குணம் விவசாயியின் சொத்து. ஆனால் மின்சாரத்தில் மட்டும் அந்தக் குணத்துக்கு ஓர் எல்லை வேண்டும். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மின்சாரத்துக்காக நம் மாவட்டம் கொடுத்த விலையும் சிறிதல்ல. 2018 ஜனவரியில் திறக்கப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கத்தின் மின்நிலையம் 25 மெகாவாட் ஆற்றல் கொண்டது. அதற்காகவும் களு கங்கைத் திட்டத்துக்காகவும் வயலையும் வீட்டையும் விட்டு எழுந்த குடும்பங்கள் பல. மூழ்கிய நிலத்தின் மேல் நிற்கும் நீர்தான் இன்று விளக்காக எரிகிறது. அந்த விளக்கு வீணாக எரியக்கூடாது; நம் பிள்ளைகளின் உயிரையும் எடுக்கக்கூடாது.

மூன்று வகைக் குமிழ்கள்

முதலில் மின்குமிழை எடுத்துக்கொள்வோம். பழைய இழைக் குமிழில் நஞ்சு இல்லை. ஆனால் அது உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெறும் சூடாகவே போகிறது. 60 வாட் குமிழ் ஒன்று தினமும் 5 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 9 அலகு. ஏறக்குறைய அதே வெளிச்சத்தை 14 வாட் சி.எப்.எல். குமிழ் 2 அலகு அளவிலும், 9 வாட் எல்.ஈ.டி. குமிழ் ஒன்றரை அலகுக்கும் குறைவாகவும் தருகின்றன. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டையும், அதன்பின் கட்டண உயர்வையும் கண்ட நமக்கு இந்தக் கணக்கின் அருமை விளங்கும்.

ஆனால் மின்சாரத்தைச் சேமித்த சி.எப்.எல். குமிழுக்குள் சில மில்லிகிராம் பாதரசம் இருந்தது. சேமிப்பு ஒரு பக்கம், நஞ்சு மறுபக்கம். ஜப்பானின் மினமாட்டா என்னும் கடலோர ஊரில், ஆலைக்கழிவுப் பாதரசம் மீன் வழியாக மக்களின் உடலுக்குள் சென்று நரம்புகளைச் சிதைத்தது 1956இல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஊரின் பெயராலேயே 2013இல் பாதரச உடன்படிக்கை உருவானது. இலங்கையும் அதில் இணைந்துள்ளது. வீட்டுப் பாவனைக்குரிய சாதாரண சி.எப்.எல். குமிழ்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2025உடன் நிறுத்துவதென அதன் உறுப்பு நாடுகள் 2022இல் தீர்மானித்தன.

ஆகவே இனி வாங்குவது எல்.ஈ.டி.யாக இருக்கட்டும். வீட்டில் எரிந்துகொண்டிருக்கும் நல்ல சி.எப்.எல். குமிழைப் பயந்து கழற்ற வேண்டியதில்லை. அது உடைந்தால் மட்டும் கவனம் தேவை. பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவு ஜன்னல்களைத் திறந்து, கால் மணி நேரம் விலகி இருங்கள். தும்புத்தடியால் கூட்டாதீர்கள், தூள் பரவும். தடித்த அட்டையால் துண்டுகளை அள்ளி, ஈரக் கடதாசியால் நிலத்தைத் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் இடுங்கள். அதைக் கிணற்றடியில் புதைக்க வேண்டாம். குப்பை சேகரிக்கும் பிரதேச சபையிடம் விபரம் சொல்லி ஒப்படையுங்கள்.

பிளக்கும் வயரும்

வெங்காயம் விற்ற கையோடு கடைத்தெருவில் ஒரு மின் கேத்தல் வாங்குகிறோம். 2000 வாட் கேத்தல் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். அதை விளக்குக்குப் போட்ட மெல்லிய வயரில் மாட்டினால் வயர் சூடேறி, உறை உருகி, ஓலைக் கூரைக்கும் பலகைச் சுவருக்கும் தீ தாவும்.

பழைய சாமான்களில் வட்ட முள் பிளக் இருக்கும். புதிய சுவரில் சதுரத் துளை இருக்கும். 13 அம்பியர் சதுர முள் பிளக்கே நாட்டின் நியமம் என 2010களின் பிற்பகுதியில் தீர்மானிக்கப்பட்டது. இதைக் கண்டு நாம் என்ன செய்கிறோம்? மேல் துளையில் ஈர்க்கையோ பேனையையோ குத்தித் திறந்து, பொருந்தாத பிளக்கைத் திணிக்கிறோம். அது தளர்ந்து நின்று பொறி பறக்கும். இதற்காகச் சாமானையே வீசவும் தேவையில்லை. பழைய பிளக்கை வெட்டி எறிந்து, எஸ்.எல்.எஸ். முத்திரையுள்ள 13 அம்பியர் பிளக் ஒன்றைத் தெரிந்தவர் கையால் பூட்டினால் போதும். அதனுள் ஒரு பியூஸ் உண்டு: 700 வாட்டுக்கு உட்பட்ட சாமானுக்கு 3 அம்பியர், அதற்கு மேல் 13 அம்பியர். பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவது, காவல்காரனைக் கட்டிவைத்துவிட்டு உறங்குவதற்குச் சமம்.

ட்ரிப் சுவிச்சின் சிறு பொத்தான்

வீட்டு மின்பெட்டியிலுள்ள ட்ரிப் சுவிச், 30 மில்லிஅம்பியர் அளவு மின்சாரம் வழிதவறி நிலத்துக்கு ஒழுகினாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்க அமைந்தது. அதைவிட அதிகமானால் மனித இதயம் தாங்காது. அதில் "டி" என்று குறியிட்ட பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை, மின்சாரம் இருக்கும்போது அழுத்துங்கள். விழுந்தால் நல்லது; விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேரே இணைப்புக் கொடுத்த வீடுகளையும் நாம் கண்டிருக்கிறோம். அது விழுவது தொல்லை கொடுக்க அல்ல. எங்கோ ஈரத்தில் வயர் ஒழுகுகிறது என்று சொல்ல. குரைக்கும் நாயை அடித்துக் கொன்றால் கள்ளன் போய்விடுவானா? கிணற்று மோட்டாரின் ஒட்டுப்போட்ட வயரை முதலில் பாருங்கள்.

உரப்பையைத் திறப்போம்

இப்போது அந்த உரப்பைக்குத் திரும்புவோம்.

திருத்தலாம்: மெதுவாகச் சுற்றும் மின்விசிறிக்குப் பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரே போதும். அயனுக்குப் புதிய வயர், அரைக்கும் இயந்திரத்துக்குப் புதிய கார்பன். இவை சிறு செலவில் இன்னும் பல வருடம் உழைக்கும்.

மாற்ற வேண்டும்: வெடித்த பிளக், கருகிய பிளக் பேஸ், இடையில் ஒட்டுப்போட்ட வயர், வேலைசெய்யாத ட்ரிப் சுவிச். இவற்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எரிக்கக்கூடாது: செம்பு எடுப்பதற்காகப் பழைய வயரை எரித்தால் வரும் கரும்புகையில் கொடிய நஞ்சு உண்டு. முற்றத்தில் விளையாடும் பிள்ளையே அதை முதலில் சுவாசிக்கும். உறையோடு பழைய இரும்பு வாங்குபவருக்குக் கொடுங்கள். சில ரூபாய் குறையலாம், அவரும் எரிக்காதபடி சொல்லி அனுப்புங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், வேலை செய்யும் பாகத்தைத் திருத்துவோம். உயிரைக் காக்கும் பாகத்தைப் புதிதாக வாங்குவோம். மலிவு என்று வாங்கி ஆறு மாதத்தில் வீசும் சாமான் பணத்தையும் தின்று, மண்ணையும் கெடுக்கும். பழையது என்று வைத்திருக்கும் கருகிய வயர் வீட்டையே தின்றுவிடும்.

ஒருமுறை வீட்டை இழந்தவர்கள் நாம். இரண்டாம் முறை, ஒரு துண்டு வயரால் இழக்க வேண்டாம். இந்த ஞாயிறு மாலை, மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு, குடும்பமாக அமர்ந்து அந்த உரப்பையைத் திறந்து பாருங்கள்.