நினைவு என்னும் சேமிப்பு

திருப்பெரும்புதூர் இராமாநுசர் தோன்றிய பதி. அவர் 1017 முதல் 1137 வரை நூற்றிருபது ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது வைணவ மரபு. அம்மரபில் அவர் தம் இறுதிக் காலத்திலும் சீடர்களுக்கு அறிவுரை வழங்கிய ஆசிரியராகவே போற்றப்படுகிறார். ஆண்டுகள் பல வாழ்வது ஒரு பேறு. அவ்வாண்டுகளில் தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் அறிந்து வாழ்வது அதனினும் பெரும்பேறு என்பதை யாவரும் ஒப்புவர்.

அப்பதியைச் சூழ்ந்த நிலம் நம் கண்முன்னே மாறிவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஏரிப் பாசனம் பெற்ற கழனிகள் பல தொழிற்பேட்டைகளாயின. பிள்ளைகள் இரவு ஷிப்டுக்கும் பகல் ஷிப்டுக்கும் கம்பெனிப் பேருந்தில் ஏறிச் செல்கின்றனர். தறியும், எஞ்சிய நிலமும், நிலம் கொடுத்துப் பெற்ற இழப்பீட்டுத் தொகையும் வீட்டிலிருக்கும் முதியோர் பொறுப்பில் நிற்கின்றன. அம்முதியோரின் நினைவு தளர்ந்தால் அதனை முதலில் காண்பவர் யார்? இவ்வினா நமக்குத் தணிக்கை மேசையின் முன்னே எழுந்தது.

ஒரு புகாரும் அதன் முடிவும்

ஒரகடத்திற்கும் வாலாஜாபாத்திற்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், நெசவாளர் சங்கமொன்றின் கணக்கை நாம் ஆய்ந்துகொண்டிருந்தோம். எழுபது அகவை கடந்த உறுப்பினர் ஒருவர் வந்து, “ஐயா, என் சேமிப்பிலிருந்து எனக்குத் தெரியாமல் எட்டாயிரம் ரூபாயை எடுத்துவிட்டார்கள்” என்று முறையிட்டார். செயலாளர் முகம் வாடிற்று. பேரேட்டையும் பற்றுச்சீட்டையும் எடுத்துப் பார்த்தோம். பதினாறு நாட்களுக்கு முன் தாமே வந்து கையொப்பமிட்டுப் பெற்றிருந்தார் பெரியவர். அதனைக் காட்டியபோது, “கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் நான் போடவில்லை” என்றார்.

வீண்புகார் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினோம். அதனை எழுதிய நம் கையே பின்னர் அதனை அடிக்க நேர்ந்தது. மாலையில் அவர் மனைவியார் வந்து, “ஆறு மாதமாக இப்படித்தான், ஐயா. கோர்வைச் சேலையில் இழைக்கணக்குத் தவறுகிறது. எந்நேரமும் குளிர்கிறது என்கிறார், பேச்சும் மந்தமாகிவிட்டது. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம்” என்றார். அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு கூறினோம். தைராயிடு சுரப்பு மிகக் குறைந்திருந்தது. அதுவரை அறியப்படாத நீரிழிவும் இருந்தது. மருந்து தொடங்கிச் சில மாதங்களுக்குப் பின் நாம் மீண்டும் அவ்வூர் சென்றபோது, பெரியவர் தறியருகே அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். தம் கணக்கில் எவ்வளவு இருப்பு என்று பிழையின்றிச் சொன்னார்.

எல்லோருக்கும் இவ்வாறு மீட்சி கிட்டும் என்று நாம் கூறவில்லை. அதே வட்டாரத்தில் நெற்பயிரிடும் மூதாட்டியார் ஒருவர்க்கு வந்தது அல்சைமர் நோய். அது மீளா நோய். ஆயினும் மீளக்கூடியது எது, மெதுவாக்கக்கூடியது எது, ஏற்றுக்கொண்டு துணைநிற்க வேண்டியது எது என்று பிரித்தறிவது அறிவுடைமை. ‘வயதாகிவிட்டது’ என்னும் ஒரே சொல்லில் மூன்றையும் புதைத்துவிடுவதே பிழை.

நம் நாட்டு நிலை

இந்நோய் மேனாட்டார்க்கே உரியது என்று எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. இதே செங்கற்பட்டு நிலப்பரப்பைச் சேர்ந்த திருப்போரூரில் நடத்திய ஆய்வு 1997-இல் வெளிவந்தது. அதில் அறுபது அகவை கடந்தோரில் நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கு மறதி நோய் காணப்பட்டது. 2023-இல் வெளியான நாடளாவிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அறுபது கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். ஆடவரினும் பெண்டிரிடத்தும், நகரினும் நாட்டுப்புறத்தும் இது மிகுதி.

எல்லா மறதியும் நோயன்று. நாடாவை எங்கு வைத்தோம் என்று மறப்பது யாவர்க்கும் உண்டு. நாற்பது ஆண்டுகள் ஓட்டிய நாடாவை எப்படி ஓட்டுவது என்று திகைப்பதும், பழகிய தெருவில் வழி தவறுவதும், ஒரே வினாவை நாழிகைக்கு ஐந்து முறை கேட்பதும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள்.

மூளையும் உடலின் வரவு செலவும்

மூளை உடலெடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆயினும் ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்திலொரு பங்கை அதுவே கொள்கிறது. இத்துணைப் பெருஞ்செலவுடைய உறுப்புக்குச் சருக்கரையும் உயிர்வளியும் குருதிவழியே இடையறாது சென்றுகொண்டிருக்க வேண்டும். வரத்துக் கால்வாய் தூர்ந்தால் கடைமடை காய்வது போலச் சிறு குருதிக்குழாய்கள் கெட்டால் மூளை வாடும். நீரிழிவும் உயர்ந்த இரத்த அழுத்தமும் அக்குழாய்களைப் பல்லாண்டுகளாக ஓசையின்றிக் கெடுக்கின்றன.

இன்சுலின் சருக்கரையை மட்டும் ஆள்வதன்று. மூளையணுக்களின் வேலையிலும் அதற்குப் பங்குண்டு. நீரிழிவு உடையோர்க்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று ஆய்வுகள் பல காட்டுகின்றன. தைராயிடு சுரப்பு உடலெங்கும் எரிபொருள் எரியும் வேகத்தை ஆள்வது. அது குறைந்தால் எண்ணமும் மந்தமாகும். ஓயாத மனக்கவலையும் உறக்கக் குறைவும் கார்ட்டிசால் என்னும் சுரப்பை மிகுவிக்கும். அம்மிகுதி நெடுநாள் நீடித்தால் நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியைத் தாக்கும். பி-12 என்னும் வைட்டமின் குறைவும் மறதியை விளைவிப்பதுண்டு. தைராயிடு, பி-12 ஆகிய இரண்டின் குறையும் குருதிச் சோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் எளிது.

சுரப்பு குறைவதால் தளர்ச்சி வருகிறதென்றால், சுரப்பை ஊட்டி இளமையை மீட்கலாமே என்று சிலர் வினவுவர். அவ்வாறு விளம்பரம் செய்து மருந்து விற்போரும் உளர். இங்கு நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் 65 அகவை கடந்த பெண்டிர் 4,532 பேரிடம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்து நிகழ்த்திய ஆய்வின் முடிவு 2003-இல் வெளிவந்தது. மறதி நோய் குறையவில்லை. ஏறத்தாழ இரு மடங்காகக் கூடியது. மறதி தோன்றிய முதிய ஆடவர் 493 பேர்க்கு ஓராண்டு டெஸ்டோஸ்டிரான் கொடுத்துப் பார்த்ததில் நினைவு மேம்படவில்லை என்று 2017-இல் அறிவித்தனர். குறை சோதனையில் தெளிவாகி, மருத்துவர் எழுதிக் கொடுத்தாலன்றிச் சுரப்பு மருந்தை நாடுவது பொருளையும் உடலையும் ஒருங்கே இழப்பதாகும்.

சேமிப்பின் வழிகள்

நிற்க. செய்யத்தக்கது யாது? 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு, மாற்றக்கூடிய காரணங்கள் பதினான்கினைத் தொகுத்தது. அவை அனைத்தையும் நீக்கினால் மறதி நோயில் நூற்றுக்கு 45 பங்கு வரை தடுக்கவோ தள்ளிவைக்கவோ இயலும் என்பது அக்குழுவின் கணக்கு. கல்விக் குறை, செவிக் குறை, பார்வைக் குறை, நீரிழிவு, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, உடற்பருமன், புகை, மது, உழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, தலைக்காயம், காற்று மாசு என்பன அவை.

இவற்றுட் பல நம் உறுப்பினர்களுக்கு நேரே பொருந்துவன. விசைத்தறி ஓசையில் வாழ்நாளைக் கழித்தவர்க்குச் செவி மந்தமாகும். செவி மங்கியவர் பேச்சிலிருந்து விலகுவார். விலகியவரின் மூளைக்கு வேலை குறையும். இருசக்கர வண்டியில் தலைக்கவசமின்றிச் செல்லும் இளைஞன் தன் முதுமைக்கும் சேர்த்தே ஊறு தேடுகிறான். குழித்தறியில் நாளெல்லாம் அமர்ந்திருப்பவர்க்கு நடை வேண்டும். 2011-இல் வெளியான ஆய்வொன்றில் முதியோர் 120 பேர் பங்குகொண்டனர். அவர்களுள் வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் என ஓராண்டு நடந்தோரின் மூளையில் நினைவுக்குரிய பகுதி நூற்றுக்கு இரண்டு பங்கு வளர்ந்திருந்தது. இரத்த அழுத்தத்தை மருத்துவர் மேற்பார்வையில் கண்டிப்பாகக் குறைத்தோர்க்கு அறிவுத் தளர்ச்சியின் முதற்படி குறைவாகவே வந்ததென்று 2019-இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று.

நெசவாளர் மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. ஐதராபாத்தில் மறதி நோயாளர் 648 பேரை ஆய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், இருமொழி பேசுவோர்க்கு நோய் நான்கரை ஆண்டுகள் பிந்தி வந்தமை கண்டனர். எழுத்தறியாதவரிடத்தும் அவ்வேறுபாடு இருந்தது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, கடைத்தெருவில் தமிழ் பேசும் நெசவுக் குடும்பங்கள் நம்மிடையே எத்துணையோ! பாட்டியின் மொழியைப் பேரன் மறவாதிருப்பது இருவர்க்கும் நன்று.

கூடிச் செய்தலின் பயன்

பின்லாந்தில் 60 முதல் 77 அகவை வரையுள்ள 1,260 பேரிடம் ஈராண்டு நிகழ்த்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, குருதிக்குழாய் நலன் ஆகிய நான்கையும் ஒருங்கே பேணியோர் ஏனையோரினும் தெளிவுடன் விளங்கினர். அமெரிக்காவில் 2,111 பேரிடம் இதனைத் தொடர்ந்து செய்து 2025-இல் முடிவு கூறினர். ஒரு சாரார் அறிவுரை பெற்றுத் தாமே பின்பற்றினர். மற்றொரு சாரார் ஈராண்டில் 38 முறை குழுவாகக் கூடி, ஒருவரையொருவர் ஊக்கி, ஒழுங்காகச் செய்தனர். இரு சாராரும் நலம் பெற்றனர். கூடிச் செய்தோர் மிகுதியாகப் பெற்றனர். கூட்டுறவாளர்க்கு இதில் வியப்பு ஏது? 1904-இல் திருவள்ளூரை அடுத்த திரூரில் முதற் கடன் சங்கம் கண்ட நாள் முதல் நாம் உரைத்து வருவது இதுவேயன்றோ!

ஆகவே சங்கங்களுக்கு நாம் சில கூறுவோம். கூலி பெற வரும் நாளில், ஆரம்பச் சுகாதார நிலையத்தாரை அழைத்து இரத்த அழுத்தமும் சருக்கரையும் பார்க்கச் செய்க. நாற்பது கடந்தோர் யாவரும் பார்த்துக்கொள்க. முதிய உறுப்பினரைக் கூட்டத்திற்கு அழைப்பதை நிறுத்தாதீர். வாக்கு இல்லாவிடினும் வார்த்தை உண்டு. நல்ல நினைவுள்ள காலத்திலேயே வாரிசு நியமனத்தைப் பதிவு செய்விக்க. கையொப்பம் மாறினாலும், ஒரே தொகையை இருமுறை கேட்டாலும், உறுப்பினரைக் கடியாமல் குடும்பத்தாரைத் தனியே அழைத்துச் சொல்க. புதிதாக முளைத்த ‘உறவினர்’ ஒருவர் பெரியவரைக் கைப்பிடித்து அழைத்துவந்து வைப்புநிதியை முறிக்க முயன்றால், ஒரு நாள் பொறுத்து விசாரிக்க.

அடித்துத் திருத்திய அவ்வரி நம் குறிப்பேட்டில் இன்றும் இருக்கிறது. வீண்புகார் என்ற இடத்தில், ‘உறுப்பினர் உடல்நலம் காண்க’ என்று எழுதியுள்ளோம். பேரேட்டில் தவறு கண்டால் உறுப்பினரைக் குற்றவாளியாக்குமுன் அவர் உடல்நலம் கேட்பது எந்தச் சங்கத்தாலும் இயலும். பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்க்கக் கற்ற நமக்கு, நினைவையும் அவ்வாறே நாற்பதிலிருந்து சேர்ப்பது அரிதன்று.