கன்னப் பையும் இலை வயிறும்

குரங்கு தின்பதைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? சில குரங்குகளுக்குத் தின்னத் தின்னக் கன்னம் பந்துபோல் உப்பும். சிலவற்றுக்கு உப்புவதே இல்லை. ஏன் இந்த வேறுபாடு?

இதை நேரில் கண்டறியக் கருங்கல் மாணவர்கள் சென்னை வண்டலூர் வரை போகவேண்டியதில்லை. மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினால் போதும். நகரின் நடுவே, அருங்காட்சியகத்தை ஒட்டியுள்ள மிருகக்காட்சிசாலை 1850களில் திருவிதாங்கூர் மன்னராட்சியில் தோன்றியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அந்நாளில் திருவிதாங்கூரின் ஒரு பகுதியே. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் புலியையும் நீர்யானையையும் தேடி ஓடுவார்கள். நீங்களும் பாருங்கள். பிறகு குரங்குக் கூண்டுகளுக்கு முன்னால் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள்.

சிங்கவால் குரங்கு

கறுப்பு உடல், முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு உள்ளதுபோல் ஒரு குஞ்சம். இதுவே சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை.

பழங்களும் பூச்சிகளும் இதன் முக்கிய உணவு. பழுத்த மரம் ஒன்று அகப்பட்டால் கூட்டத்தில் போட்டிதான்! அப்போது உதவுவது கன்னப் பை. கிடைத்ததை இரு கன்னங்களிலும் விரைந்து திணித்துக்கொண்டு, பாதுகாப்பான கிளைக்குப் போய் நிதானமாக மெல்லும். புறங்கையால் கன்னத்தை அழுத்தி உணவை வாய்க்குள் தள்ளுவதைக் கவனியுங்கள். நாம் வெளியே காணும் நாட்டுக் குரங்குக்கும் இந்தப் பை உண்டு.

கருமந்தி

பளபளக்கும் கரிய உடலும், பழுப்பு நிறத் தலைமயிரும், நீண்ட வாலும் உடையது கருமந்தி. இதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. இதற்குக் கன்னப் பை கிடையாது. இலையே இதன் முக்கிய உணவு. இலை எங்கும் கிடைக்கும்; ஆனால் செரிப்பதுதான் கடினம். இலையிலுள்ள செல்லுலோஸைச் செரிக்கும் நொதி நமக்கும் இல்லை, மந்திக்கும் இல்லை. அதனால் மந்தியின் இரைப்பை பல அறைகளாக அமைந்திருக்கிறது. முன் அறைகளில் வாழும் பாக்டீரியாக்கள் இலையைப் புளிக்கவைத்துச் சிதைக்கின்றன. மாட்டின் வயிற்றிலும் இதே வேலைதான் நடக்கிறது!

2023 ஜூனில் இந்த மிருகக்காட்சிசாலையிலிருந்து சாம்பல் நிற அனுமார் மந்தி ஒன்று தப்பியது. இதுவும் இலைதின்னி இனமே. நகரத்து மரங்களில் தாவித் திரிந்த அது, ஏறத்தாழ மூன்று வாரத்துக்குப் பிறகு ஜூலையில்தான் பிடிபட்டது. மரம் இருக்கும் இடமெல்லாம் அதற்குச் சாப்பாட்டுப் பந்திதானே!

பிஸ்கட் எறியலாமா?

இத்தகைய வயிற்றுக்குள் பிஸ்கட்டோ மிட்டாயோ போனால் என்ன ஆகும்? மாவும் சர்க்கரையும் மிக விரைவாகப் புளிக்கும். அமிலம் பெருகும். இலையைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மடியும். வயிறு உப்பி மந்தி நோயுறும். சில வேளை இறந்தும் போகும். அன்போடு எறிந்த தின்பண்டமே நஞ்சாகிவிடும்.

ஆகவே தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, ஒரு நோட்டும் பென்சிலும் எடுங்கள். பெயர்ப் பலகையைப் பார்க்காமல், ஒவ்வொரு குரங்கும் எதைத் தின்கிறது, கன்னம் உப்புகிறதா என்று குறியுங்கள். அது பழந்தின்னியா, இலைதின்னியா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பிறகு பலகையைப் படித்துச் சரிபாருங்கள். எத்தனை விடை சரி?