கொம்பின்மேல் ஒரு சுழி

நமது கல்லூரிக்கு அணித்தேயுள்ள கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலையொன்றில் இரண்டாம் வகுப்பின் எழுத்துப் பாடத்தைக் காண அண்மையிற் சென்றிருந்தோம். சிறுவர்க்குப் பெருந்தொல்லை தருவது எகர ஏகார வேறுபாடே. 'பெய்' என்பது 'பேய்' ஆயின், மழை வரவேண்டியவிடத்துப் பூதமன்றோ வந்து நிற்கும்! ஆதலின் உபாத்தியாயினி புத்தகத்தை மூடிவைத்துத் தட்டுகளில் மணல் பரப்பினார். குறிலுக்கு ஒருமுறை கைதட்டி ஒற்றைக்கொம்பு வரைதல். நெடிலுக்கு இருமுறை தட்டி, கொம்பின்மேற் சுழியொன்று கூட்டுதல். குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று நாம் இலக்கணத்தில் மனனஞ் செய்ததை அப்பிள்ளைகள் கையாலறிந்தனர்.

அச்சுழிக்கும் ஒரு சரித்திரமுண்டு. தொல்காப்பிய விதிப்படி எகர ஒகரக் குறில்களே புள்ளி பெறும். ஓலை கிழியுமென்றஞ்சிப் பிற்காலத்தோர் புள்ளியை விடுத்தனர் என்பர். அதனால் குறிலும் நெடிலும் ஒருவடிவாயின. படிப்போர் இடம்நோக்கியே பொருள் உணரவேண்டியிருந்தது. இம்மயக்கம் நீங்க மேற்சுழியை வகுத்தவர், 1710ஆம் ஆண்டு இத்தாலியினின்று இந்தியா வந்த கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர். அவரது சுழியையே அம்மணலிற் கண்டோம்.

ஓகாரம் அடுத்த வாரத்துக்காம். கொம்போடு காலுஞ் சேர்வதால் அது சற்றுக் கடினமென்றார் உபாத்தியாயினி.