மழை நாட்டில் மல்லிகை

சென்ற ஆண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்த பின், நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் நம்மிடம் வந்து ஓர் ஐயத்தைக் கேட்டார். “வாத்தியாரையா, வீட்டு வாசலில் மல்லிகை வைத்து மூன்று ஆண்டு ஆகிறது. நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன், உரமும் போடுகிறேன். செடி ஆளுயரம் வளர்ந்துவிட்டது. பூவைத்தான் காணோம். மலட்டுச் செடி போலிருக்கிறது. வெட்டி எறிந்துவிடலாமா?” என்றார்.

மறுநாள் மாலை நாம் சென்று பார்த்தோம். ரம்புத்தான் மரத்து நிழலில், குளியலறைத் தண்ணீர் ஓடும் கால்வாயின் ஓரத்தில் அச்செடி நின்றது. இலைகள் கரும்பச்சை நிறத்தில் செழித்திருந்தன. நோயோ பூச்சியோ ஏதுமில்லை. அதற்கு வேண்டிய தண்ணீரும் உரமும் வேண்டிய அளவுக்கு மேல் கிடைத்திருந்தன. வேண்டிய வெயில் மட்டும் கிடைக்கவில்லை. இதே குறையைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் பலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆகவே, மாணவர்களும் பெற்றோர்களும் அறியும் பொருட்டு இதனை இவ்வாண்டு மலரில் எழுதுகின்றோம்.

நாம் குண்டுமல்லி என்று அழைக்கும் செடிக்கு அறிவியலார் இட்டுள்ள பெயர் ஜாஸ்மினம் சம்பக் என்பதாம். மலாய்க்காரர் இதனை ‘மெலூர்’ என்பர். இந்தோனேசியர் ‘மெலாத்தி’ என்று அழைத்து, 1993ஆம் ஆண்டில் தங்கள் தேசிய மலர்களுள் ஒன்றாக அறிவித்தனர். பிலிப்பைன்ஸ் நாட்டினர் 1934ஆம் ஆண்டிலேயே இதனைத் தேசிய மலராக ஏற்றுக் கொண்டனர். தமிழகத்தில் மதுரை வட்டாரத்தில் விளையும் மல்லிகை 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அம்மலர்கள் விமானத்தில் ஏறி நம் நாட்டுக்கும் வருகின்றன. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பூக்கடைகளில் முழம் போட்டு விற்கும் மல்லிகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மார்கழி, தை மாதங்களில் பனியினால் அங்கே விளைச்சல் குறையும், விலை ஏறிவிடும். திருமணமும் திருவிழாவும் உள்ள வீடுகளில் அதன் சுமை தெரியும்.

மதுரையில் மலையாய்க் குவியும் பூ, நம் வாசலில் ஏன் மலர மறுக்கிறது? விடை வானத்தில் இருக்கிறது. மதுரையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். கோலாலம்பூரிலோ ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர், அதாவது மும்மடங்கு! அங்கே மாதக்கணக்கில் வானம் வறண்டு கிடக்கும். மல்லிகை அவ்வறட்சியைத் தாங்க வல்லது. வேர் நன்கு ஊன்றிய செடி சில வாரம் மழையின்றி இருந்தாலும் பட்டுப் போவதில்லை. அடுத்த நீரைக் கண்டதும் துளிர்க்கும்.

செடி தான் சேர்க்கும் உணவை இரு வகையில் செலவிடுகிறது. ஒன்று, தண்டும் இலையும் வளர்த்தல், மற்றொன்று, பூத்தல். நிழலும் ஈரமும் தழைச்சத்தும் மிகுந்திருந்தால் செடி முதற் செலவையே செய்துகொண்டிருக்கும். நல்ல வெயிலில் உணவு மிகுதியாகச் சேர்ந்து, ஈரக் குறைவால் தழை வளர்ச்சி சற்றே அடங்கும்போதுதான் அரும்புக்கு வழி பிறக்கும். மதுரை வட்டாரத்து உழவர் கார்த்திகை மாதத்தை ஒட்டி, அதாவது நவம்பர் இறுதியில், செடிகளைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டிவிடுவர். வெட்டுவதற்கு முன் நீர் பாய்ச்சுதலையும் குறைப்பர். பின்னர் எருவிட்டு நீர் பாய்ச்ச, புதுக்கிளைகள் வெடித்துப் பங்குனி, சித்திரை வெயிலில் பூத்துக் குலுங்கும்.

மல்லிகை புதுக்கிளையின் நுனியில்தான் அரும்பும். பெரும்பாலும் மூன்று மூன்றாக அரும்புகள் தோன்றும். ஒரு கிளையை வெட்டினால் இரண்டு மூன்று கிளைகள் கிளம்பும். நுனிகள் பெருகினால் அரும்புகளும் பெருகும். இக்கணக்கை மூன்றாம் ஆண்டு மாணவனும் போட்டுப் பார்க்கலாம். வெட்ட அஞ்சுகிறவர் வீட்டில் பூ குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இனி, நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் செய்ய வேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, இடம். நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் படவேண்டும். இங்கே பிற்பகலில் மேகம் திரண்டு இடியுடன் மழை பெய்வது வழக்கமாதலால், காலை வெயில் தடையின்றி விழும் கிழக்குப் பக்கமே சிறந்தது.

இரண்டாவது, மண். கிள்ளான் கரையோரத்து மண் களிமண். நீர் எளிதில் இறங்காது. தரையில் குழி தோண்டி நட்டால் அக்குழியே குளமாகிவிடும். ஆகவே ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுக. இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணலும் ஒரு பங்கு மக்கிய எருவும் கலக்கலாம். செம்பனைக் குலையின் வெறுங்கூடு நன்றாக மக்கியிருந்தால் அதுவும் நல்ல எருவே. இரண்டு செடிகளுக்கிடையே நான்கடி இடம் விடுக.

மூன்றாவது, தண்ணீர். நட்ட முதல் சில மாதங்களுக்கு ஈரம் காயாமல் காத்தல் வேண்டும். வறட்சி தாங்கும் செடியென்று சொல்லி இளங்கன்றைக் காயவிடுதல் தவறு. வேர் ஊன்றிய பின்னர், விரலை மண்ணில் ஓர் அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் நீர் வேண்டாம். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அரும்பு கட்டிய பின் செடியை வாடவிடலாகாது. வாடினால் அரும்பு உதிரும்.

நான்காவது, உரம். யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை அள்ளிப் போட்டால் இலைதான் பெருகும். மக்கிய எருவும் எலும்புத்தூளும், கைப்பிடி அடுப்புச் சாம்பலும் போதும். இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளித்தால், அஃது இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். நீர் தேங்கி வேர் மூச்சு முட்டினாலும் இவ்வாறு ஆவதுண்டு. எனவே முதலில் வடிகாலைச் சரிசெய்க.

ஐந்தாவது, வெட்டுதல். நம் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகுதி. சனவரி, பிப்ரவரியில் சற்றுக் குறையும். ஆதலால் தைப்பொங்கல் கழிந்ததும் செடியை முழங்கால் அளவுக்கு வெட்டி, காய்ந்த குச்சிகளையும் நோயுற்ற கிளைகளையும் நீக்கி, மீதமுள்ள இலைகளையும் உருவிவிடுக. புதுத்துளிர் வெயில் நாளில் வளரும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பூவை எதிர்பார்க்கலாம். ஒவ்வொரு முறை பூத்து முடிந்ததும் நுனிகளை மட்டும் கிள்ளிவிட்டால், ஆண்டில் பல தடவை பூக்கும்.

அடுக்குமாடி வீட்டில் வாழ்வோர் மனம் தளர வேண்டாம். ஓரடி அகலமுள்ள தொட்டியிலும் மல்லிகை நன்றாய் வளரும். மேலே கூரையுள்ள மாடத்தில் மழை நேராக விழாததால், தண்ணீரின் அளவு நம் கையிலேயே இருக்கிறது. இது தரையில் நட்டவர்க்குக் கிட்டாத வசதியாகும். தொட்டியின் அடியில் துளைகள் இருத்தல் வேண்டும். அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். அதில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், பூ வளர்க்கப் போய் டிங்கிக் காய்ச்சலை வளர்த்தவராவோம்.

மாணவர்களே! மல்லிகை மாலையில் விரிந்து இரவில் மணக்கும். இரவில் பறக்கும் அந்துப் பூச்சிகளைக் கவரும் மலர்கள் பலவற்றுக்கு வெண்ணிறமும் இரவு மணமும் பொதுவான இயல்புகள். பூவாகப் பறித்தால் மறுநாளே வாடிவிடும். ஆகையால் நன்கு முற்றி வெளுத்த, ஆனால் விரியாத அரும்புகளை விடியற்காலையிலேயே பறித்துத் தொடுத்து வைத்தால், அன்று மாலை தலையிலோ சாமி படத்திலோ அவை மலரும்.

இன்னொரு செய்தியையும் கூறிவிடுகிறோம். குண்டுமல்லி விதை தருவது மிக அரிது. ஒரு செடியின் கிளையைப் பதியம் போட்டோ, குச்சியை நட்டோதான் அடுத்த செடி உண்டாகிறது. ஆகவே உங்கள் வாசலில் நிற்பது வேறொரு வாசலில் நின்ற செடியின் கிளை. அதுவும் மற்றொன்றின் கிளை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் தம் கையால் எடுத்துக் கொடுத்திராவிடில் அது இங்கு வந்திராது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் காலியாகி, நம்மவர் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்து வருவதை நாமெல்லோரும் அறிவோம். பாத்திரம் பண்டங்களை லாரியில் ஏற்றுகிறோம். வாசலில் நின்ற மல்லிகையை விட்டுவிட்டு வருகிறோம். முதிர்ந்த செடியைப் பெயர்த்தால் பிழைப்பது ஐயமே. ஆனால் வீடு மாறுவதற்கு நான்கு மாதம் முன்பே, தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, கணுவின் கீழ்ப் பட்டையைச் சற்றே சீவி, மண் நிரப்பிய தொட்டியில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் அதில் வேர் பிடிக்கும். பின்னர்த் தாய்க்கிளையிலிருந்து அறுத்து, தொட்டியோடு எடுத்துச் செல்லலாம். வீடு மாறினாலும் செடி அதே செடிதான்.

அந்தத் தாயாரின் செடியைத் தைப்பொங்கலுக்குப் பின் நாமும் ஆறாம் ஆண்டு மாணவர் இருவரும் சேர்ந்து வெட்டினோம். ரம்புத்தான் கிளை இரண்டைக் கழித்து வெயிலுக்கு வழிவிட்டோம். கால்வாய்த் தண்ணீரையும் திருப்பிவிட்டோம். கட்டையாய் நின்ற செடியைக் கண்டு அவர் கலங்கிப் போனார். சித்திரை பிறந்து சில நாள் சென்றபின், அவர் மகள் வாழையிலையில் பொதிந்து ஒரு முழம் மல்லிகையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தாள். அதனைக் கலைமகள் படத்துக்குச் சாத்தினோம். வெட்டிய குச்சிகளையும் வீணாக்காமல் பள்ளித் தோட்டத்தில் நட்டோம். அவற்றுள் வேர் பிடித்த கன்றுகள் இப்போது நான்காம் ஆண்டு வகுப்பின் பின்புறம் தொட்டிகளில் உள்ளன. வீடு மாறிச் செல்லும் குடும்பத்தார் முதலில் வந்து கேட்டுப் பெற்றுக்கொள்க. அவர்கள் புதுவீட்டில் அது வேரூன்றிய பின், பக்கத்து வீட்டாருக்கும் ஒரு கிளையைப் பதியம் போட்டுக் கொடுப்பார்களாக.