அப்பா வீட்டை விற்கும் முன் 2001-ன் மதிப்பைத் தேடுங்கள்

பூர்வீக வீட்டை விற்கும் பேச்சு எழுந்ததுமே குடும்பத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "அப்பா சொத்துக்கு ஏதுப்பா வரி?" என்பது ஒன்று. "வர்ற காசுல பாதி வரிக்கே போயிடும்" என்பது மற்றொன்று. இரண்டுமே தப்பு. இறந்தவர் சொத்தின் மீதான எஸ்டேட் தீர்வை இந்தியாவில் 1985-லேயே ஒழிந்தது. உயில் மூலமோ வாரிசுரிமையாலோ வீடு கைக்கு வரும்போது வருமான வரி ஒரு பைசா கிடையாது. விற்கும்போதுதான் மூலதன ஆதாய வரி. அதுவும் லாபத்துக்கு மட்டும்.

சும்மா வந்த வீடு என்பதற்காக அடக்கவிலை பூஜ்யம் ஆகிவிடாது. அப்பா கொடுத்த விலைதான் உங்கள் விலை, அவர் வாங்கிய தேதிதான் உங்கள் தேதி. போன மாதம்தான் பட்டா உங்கள் பெயருக்கு மாறியது என்றாலும், அப்பா காலத்தையும் சேர்த்து 24 மாதம் தாண்டியிருந்தால் அது நீண்டகால ஆதாயம். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்தானால் இன்னொரு வசதியும் உண்டு. பழைய கிரயத் தொகையை விட்டுவிட்டு, அந்தத் தேதியின் சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் காட்டலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பை அது தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். அப்பா 1988-ல் 40,000 ரூபாய்க்கு வாங்கிய மனை. 2019-ல் அவர் காலமானார். மூன்று பிள்ளைகள் 2025-26-ல் அதை 60 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். பழைய பத்திரத்தை மட்டும் ஆடிட்டரிடம் நீட்டினால் லாபம் 59 லட்சத்து 60 ஆயிரம், 12.5 சதவீத வரி 7 லட்சத்து 45 ஆயிரம். 2001 மதிப்பு 9 லட்சம் என்பதற்குக் காகிதம் இருந்தால் வரி 6 லட்சத்து 37 ஆயிரத்து 500. இன்னும் குறையும். 2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த நிலம், வீட்டுக்கு, இந்தியாவில் வசிப்பவர்கள் பழைய முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். பழைய முறை என்பது இண்டெக்சேஷன் போட்டு, அதாவது விலைவாசி உயர்வுக்கேற்ப அடக்கவிலையை உயர்த்தி, 20 சதவீதம். விற்ற ஆண்டின் குறியீட்டு எண் 376. ஆக 9 லட்சம் 33 லட்சத்து 84 ஆயிரமாக உயர, வரி 5 லட்சத்து 23 ஆயிரத்துச் சொச்சம்தான். இதன்மேல் 4 சதவீத செஸ். குறியீட்டை வாரிசு பெற்ற ஆண்டிலிருந்துதான் போட வேண்டும் என்று துறை வாதாடிப் பார்த்தது; மும்பை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

ஆகவே விற்பனை ஒப்பந்தம் போடும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் 2001-ன் வழிகாட்டி மதிப்பைக் கேட்டு வாங்குங்கள். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் கையில் இருக்கட்டும். அதற்கான கட்டணம் மிச்சமாகும் வரிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மூவரில் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறாரா? வெளிநாட்டில் வசிப்பவருக்கு இந்த 20 சதவீத வழி கிடையாது. ஒரே மனை, ஒரே 20 லட்சப் பங்கு. செஸ் சேர்க்காமல் ஊரில் இருப்பவருக்கு வரி 1 லட்சத்து 74 ஆயிரம், அவருக்கு 2 லட்சத்து 12 ஆயிரம். போதாததற்கு, வாங்குபவர் லாபத்துக்கு அல்ல, பங்குத் தொகை முழுவதற்கும் 13 சதவீதம், அதாவது 2 லட்சத்து 60 ஆயிரம், பிடித்துவிடுவார். குறைவாகப் பிடிக்கச் சொல்லும் சான்றிதழை வருமான வரித் துறையிடம் கிரயத்துக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். தவறினால் ரிட்டர்ன் போட்டு, ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பிடித்தம் 1 சதவீதம். "என் பங்கு 20 லட்சம்தானே, 50 லட்சம் ஆகலையே" என்ற வாதம் 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு எடுபடாது. மொத்த விலைதான் கணக்கு.

"பத்திரத்துல கம்மியா காட்டிக்கலாம், மீதி கேஷ்" என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நிலம், வீடு விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதுமே அபராதமாகப் போகலாம். பத்திர விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அந்த மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள். உண்மையிலேயே சந்தை விலை குறைவு என்றால், துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வரியைத் தவிர்க்க நேர்மையான வழிகளும் இருக்கின்றன. வீட்டை விற்றால் லாபத்தை மட்டும் இன்னொரு வீட்டில் போட்டால் போதும். மனையை விற்றால் விற்ற தொகை முழுவதையும் போட வேண்டும். வேறு வீடு ஒன்றுக்கு மேல் இருக்கவும் கூடாது. வாங்க இரண்டு ஆண்டு, கட்ட மூன்று ஆண்டு அவகாசம். அதற்குள் ரிட்டர்ன் தாக்கல் கெடு வந்துவிட்டால், பணத்தை வங்கியின் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வையுங்கள். சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடந்தால் சலுகை போச்சு. வீடு வேண்டாதவர்கள் ஆறு மாதத்துக்குள் ஆர்.இ.சி. போன்ற நிறுவனங்களின் கடன் பத்திரத்தில் 50 லட்சம் வரை போடலாம். ஐந்து ஆண்டு எடுக்க முடியாது. கிராமத்து விவசாய நிலத்துக்கு வரியே இல்லை. ஆனால் பக்கத்து நகராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்து அது எல்லையிலிருந்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும்.

பங்குக்குப் பங்கு தனித்தனி ரிட்டர்ன். அண்ணன் எல்லாருக்கும் சேர்த்துக் கட்டிவிட முடியாது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறவரைக் கொஞ்சம் சந்தேகியுங்கள். நோட்டீஸ் வந்தால் கெடுவுக்குள் பதில் கொடுங்கள். அதிகாரி அதிக வரி போட்டு ஆணையிட்டால், 30 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். அப்போதும் முதலில் கேட்கப்படுவது 2001-ன் அந்தக் காகிதம்தான்.