மூடிக்கல் இல்லாத வடிகான் யாருடையது?

சென்ற மாரியில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வடிகானுக்குள் விழுந்தாள். எட்டாம் தரத்தில் படிப்பவள். மஃரிபுக்குப் பிறகு டியூசன் முடிந்து வரும்போது வீதியோரம் முழுக்க மழைத் தண்ணீர் கிடந்திருக்கிறது. வீதி எது, வடிகான் எது என்று தெரியவில்லை. ஓரிடத்தில் மூடிக்கல் இருக்கவில்லை. அந்த இடத்துத் தெருவிளக்கும் எரியவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, இரண்டு மாதம் பள்ளிக்கூடம் வரவில்லை.

அவளுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து என்னிடம் கேட்டார்: "டீச்சர், இத நாங்க யாருக்கிட்டப் போய்ச் சொல்ற?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழில் சிறப்புப் பட்டம் எடுத்து, இருபது வருடமாகக் கடிதம் எழுதப் படிப்பித்துக்கொண்டிருக்கிற எனக்கு, அந்த ஒரு கடிதத்தை யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் நானே அலைந்து பார்த்தேன். ஓர் அலுவலகத்தில், "அது எங்கட ரோட் இல்ல டீச்சர்" என்றார்கள். இன்னோர் இடத்தில், "ரோட் எங்கடதான், ஆனா கல்லைக் கழட்டினது நாங்க இல்ல" என்றார்கள். மூன்றாவது இடத்தில், "அந்த வேலை கொந்தராத்துக்குக் குடுத்தது, அவர் முடிச்சிட்டுப் போயிட்டார்" என்றார்கள். பிறகுதான் விளங்கியது, மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. நமது சிற்றூர்களின் தண்ணீரும் வீதியும் பாதுகாப்பும் அப்படித்தான் பல கைகளில் பிரிந்து கிடக்கின்றன. அந்தப் பிரிவினை எப்படி வந்தது, எது யாருடைய பொறுப்பு என்பதை நான் விளங்கிக்கொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊரின் பெயரைச் சொல்லவில்லை. கிழக்குக் கரையில் எந்த ஊரின் பெயரைப் போட்டு வாசித்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

முன்பு யார் பார்த்தார்கள்?

நமது மூத்தவர்களின் காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். குடிக்கொரு மரைக்காயர் இருந்தார். அந்த மரைக்காயர்மார் சேர்ந்து பள்ளிவாசலை நிர்வகித்தார்கள். பள்ளிக் கிணறும் ஹவுளும் மையவாடிப் பாதையும் அவர்கள் பொறுப்பில் இருந்தன. வயலுக்கு வட்டவிதானை இருந்தார். எந்த வாய்க்காலை எப்போது துப்புரவாக்குவது, யாருக்கு முதலில் தண்ணீர் என்பதை அவர் சொன்னார். ஊர்ச் சண்டை சச்சரவுக்கு விதானையார். என்ன பிரச்சினை என்றாலும், போய் நிற்க வேண்டிய வாசல் எதுவென்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. குடிப்பெருமை இருந்தது, பெண்களின் குரலுக்கு அங்கே இடமிருக்கவில்லை. காலம் மாறியது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு வயல் விதானைப் பதவி போய் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தன. 1963இல் ஊர் விதானைமாரின் இடத்துக்குக் கிராம சேவகர்கள் வந்தார்கள். வாசல்கள் கூடின. எந்த வாசலுக்கு எந்த வேலை என்பதை மட்டும் யாரும் நமக்குப் படிப்பித்துத் தரவில்லை.

சபைக்கு உரியதும் உரித்தில்லாததும்

இன்று நமது நாட்டில் உள்ளூராட்சி மன்றங்கள் மூன்று வகை. மாநகர சபை 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படியும், நகர சபை 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படியும், பிரதேச சபை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படியும் இயங்குகின்றன. 2018ஆம் ஆண்டுத் தேர்தலின்போது மொத்தம் 341 மன்றங்கள் இருந்தன.

பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. படித்தவர்கள்கூட இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சபை நமது வாக்கால் வருவது, தவிசாளரும் உறுப்பினர்களும் உள்ளது. செயலகம் மத்திய அரசின் கை. காணி, நிவாரணம், கிராம உத்தியோகத்தர் எல்லாம் அதன் கீழ் வரும். 13ஆவது திருத்தத்தின்படி உள்ளூராட்சியைக் கண்காணிப்பது மாகாண சபை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. இதை எழுதும்வரை மறு தேர்தல் நடக்கவில்லை. உள்ளூர் மன்றங்களும் 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை உறுப்பினர்கள் இல்லாமல் உத்தியோகத்தர்களாலேயே நடத்தப்பட்டன. இரண்டு வருடத்துக்கு மேல் "எங்கட மெம்பர்" என்று சொல்லிப் போக ஊரில் ஆளில்லை.

சபையின் சொந்த வருமானத்தில் முக்கியமானது சோலைவரி. வீட்டின் வருடாந்தப் பெறுமதியில் இத்தனை வீதம் என்று விதிக்கப்படுவது. வருட வரியை ஜனவரிக்குள் மொத்தமாகக் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு. நம்மில் எத்தனை பேர் அந்தக் கழிவைப் பெறுகிறோம்? நிலுவை வைத்துக்கொண்டு "சபை என்ன செய்தது?" என்று கேட்கிறவர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன்.

தண்ணீர்

நமது கரையோர ஊர்கள் மணலில் இருப்பவை. ஒரு பக்கம் கடல், பல இடங்களில் மறுபக்கம் வாவி. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. உப்புத் தண்ணீர் கனமானது என்பதால் நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. நமது கிணறுகளில் வாளி போட்டு அள்ளியது இந்த மிதக்கும் தண்ணீரைத்தான். அளவோடு அள்ளினால் ஊறும். மோட்டரைப் பூட்டி மிதமிஞ்சி இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளைச் சுத்தப்படுத்துவதாக எண்ணித் திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் உப்பு குறையாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த உப்பைக் கழுவ மாரி மழைகள்தான் வேண்டியிருந்தன.

அடுத்தது மலக்குழி. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது பொதுவான விதி. 10 பேர்ச் காணி சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய 52 அடி. அதற்குள் வீடு, கிணறு, குழி எல்லாம் வர வேண்டும். நமது காணியில் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை மறு மூலையிலும் வைத்து விதியைக் காப்பாற்றினாலும், மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டுக் குழி பத்தடியில் இருக்கும். சீதனமாக மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தால் ஒரு வளவு இரண்டாகி நான்காகிறது. காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊரில் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். குழிக் கழிவிலிருந்து வரும் நைத்திரேற்று மணலால் வடிபடுவதில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்டால் முக்கியமாகப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. "எங்கட கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி" என்று உம்மா இன்றும் சொல்லுவா. ஆனால் நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அதனால்தான் குழாய் நீர் வந்தது. 1974ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை இதற்குப் பொறுப்பு. மட்டக்களப்புப் பக்கத்து ஊர்களுக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்துக்கு அம்பாறை கொண்டவட்டுவான் பக்கமிருந்து வருகிறது. நாம் குசினியில் திறக்கும் தண்ணீர், எங்கோ ஒரு விவசாயியின் வயலுக்கும் உரித்தான குளத்திலிருந்து வருவது என்பதை மறக்கக்கூடாது.

குழாய் நீரோடு வந்த ஒரு சங்கடமும் உண்டு. தண்ணீர் உள்ளே வர வழி செய்தோம், வெளியே போக வழி செய்யவில்லை. கழிவுநீர்க் குழாய்த் தொகுதி நமது ஊர்களில் இல்லை. வாளியால் அள்ளிய காலத்தைவிட இப்போது பல மடங்கு தண்ணீர் பாவிக்கிறோம். குழி நிரம்புகிறது. குசினித் தண்ணீரையும் குளியலறைத் தண்ணீரையும் இரவோடிரவாக வீதி வடிகானுக்குத் திருப்பிவிடுகிறோம். மழைநீருக்காகக் கட்டிய வடிகான் பன்னிரண்டு மாதமும் சேறாகக் கிடக்கிறது. மாரி வந்ததும் தண்ணீர் போக இடமில்லாமல் வீதியில் நிற்கிறது. என் மாணவி விழுந்த இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றதற்கு, அந்தத் தெருவிலுள்ள நாங்களும் காரணம்.

வீதி

ஒரே ஊருக்குள் மூன்று உரிமையாளர்களின் வீதிகள் ஓடுகின்றன. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. அக்கரைப்பற்று, கல்முனை, காத்தான்குடி வழியாக மட்டக்களப்புக்குப் போகும் நமது பிரதான வீதி, கொழும்பிலிருந்து இரத்தினபுரியால் சுற்றிவரும் ஏ4. சி, டி தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்தின் பொறுப்பு. உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் உள்ளூர் மன்றத்தினுடையவை.

வீதியோர வடிகான் பொதுவாக அந்த வீதிக்கு உரியவரையே சேரும். தெருவிளக்கு அப்படியல்ல: கம்பம் மின் விநியோக நிறுவனத்தினது, பல்பைப் போட்டுப் பராமரிப்பது உள்ளூர் மன்றம். ஏதாவது வேலைக்காக வீதியை வெட்ட வேண்டுமென்றால் வீதிக்கு உரிய நிறுவனத்திடம் அனுமதி எடுத்து, மீளச் செப்பனிடும் செலவையும் கட்ட வேண்டும். வெட்டுகிறவர் ஒருவர், காசு வாங்குகிறவர் இன்னொருவர், மூடுகிறவர் மூன்றாமவராகவும் இருக்கலாம். இந்த மூன்றுக்கும் இடையில் ஒரு மூடிக்கல் காணாமல் போவது எவ்வளவு சுலபம்!

பாதுகாப்பு

பாதுகாப்பு என்றால் பொலிஸ் என்று நினைக்கிறோம். பொலிஸ் தேசிய நிறுவனம், உள்ளூர் மன்றத்துக்கு அதில் அதிகாரமில்லை. தீயணைப்புப் படை பெரும்பாலும் மாநகர சபைகளிடமே உண்டு. சிற்றூரில் கடை பற்றினால் பக்கத்து நகரத்திலிருந்து வண்டி வர வேண்டும். அதுவரைக்கும் ஊர்ப் பொடியன்மார்தான். வெள்ளம், புயலுக்கு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கிறது, 117 அழைக்கலாம். இலவச அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119.

வெள்ளக் காலத்தில் வாவியின் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பது நமது மாவட்டத்தில் பெரிய விவகாரம். பிந்தினால் வயலும் வீடும் தண்ணீருக்குள். முந்தினால் வாவித் தண்ணீர் இறங்கி, கடலுப்பு ஏறி, இறால் மீன் பிடிக்கிறவரின் பிழைப்புக் கெடும். ஊரார் மண்வெட்டியோடு போய்ச் செய்கிற வேலையல்ல அது. மாவட்டச் செயலாளர் தலைமையில் பல திணைக்களங்கள் கூடி எடுக்க வேண்டிய முடிவு.

ஆனால் நமது ஊர்களில் அதிகம் உயிர் குடித்தவற்றில் நுளம்பும் ஒன்று. 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அவ்வருட மார்ச்சில் கிண்ணியா பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. இங்கேயும் பிரிவினைதான்: வளவைப் பரிசோதிப்பது சுகாதார வைத்திய அதிகாரியின் கீழுள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குப்பை அள்ளுவது சபை, சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது நாம்.

கடைசியில் என்ன செய்தோம்?

பாடத்திட்டத்தில் முறைசார் கடிதம் எழுதுதல் ஒரு பாடம். வழக்கமாக யாருக்கு எழுதுவது என்று புத்தகமே சொல்லித் தந்துவிடும். இந்த முறை நான் பெறுநரைச் சொல்லவில்லை. "கல் இல்லாத வடிகானைப் பற்றி எழுதுங்க, யாருக்கு என்பதை நீங்களே கண்டுபிடியுங்க" என்றேன். பிள்ளைகள் வாப்பாமாரைக் கேட்டார்கள், கிராம உத்தியோகத்தரைக் கேட்டார்கள். நாற்பது பிள்ளைகளில் ஏழு பேர்தான் சரியான பெறுநரைப் பிடித்தார்கள். ஒருத்தி ஜனாதிபதிக்கே எழுதியிருந்தாள்.

நானும் ஒரு கடிதம் எழுதினேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பொது அதிகாரசபையிடமும் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். நான் கேட்டவை மூன்று: இந்த வடிகான் யாருடையது, கல்லைக் கழற்ற அனுமதி கொடுத்தது யார், மீள மூடும் பொறுப்பு யாருக்கு. சண்டை பிடிக்கவில்லை, குற்றம் சாட்டவில்லை. எழுத்தில் கேட்டபோது "எங்கட இல்ல" என்ற சொல் எழுத்தில் வரவில்லை. பதிலில் ஒரு பெயரும் பதவியும் இருந்தன. அந்தப் பதவிக்கு அவளுடைய வாப்பா கையொப்பமிட்ட முறைப்பாடு போனது. ஐந்து கிழமை கழித்துக் கல் வந்தது.

விளக்கு இன்னும் எரியவில்லை. அதற்குரிய பெறுநர் வேறு என்பது இப்போது எங்கள் வகுப்புக்குத் தெரியும். இரண்டாவது கடிதத்தைக் காலில் கட்டுப் பிரித்து வந்த அந்தப் பிள்ளையே எழுதுகிறாள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது நன்மை என்று மத்ரசாவில் ஓதிக் கொடுக்கிறோம். அந்தத் தொல்லையை அகற்றும் பொறுப்பு எந்தக் கதிரையில் இருக்கிறது என்பதையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். இதை வாசிக்கும் ஆசிரியர்கள், தங்கள் ஊரின் வீதிகள் எவை யாருடையவை என்று ஒரு தாளில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டிப் பார்க்கட்டும். எங்கள் வகுப்பில் ஒட்டியிருக்கிறோம். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் நின்று வாசிக்கிறார்கள்.